கயிறு கட்டாத டப்பா

ஈரப் பலகையில் தகரம் உரசுகிற சத்தம் ஒன்று உண்டு. 'க்ரக்'கென்று ஓர் இழுப்பு, அதன் பின்னாலேயே தண்ணீர் தண்ணீரில் விழுகிற 'சளக்', மறுபடியும் ஓர் இழுப்பு. சின்ன வயசில் என் காதில் ஏறிக்கொண்ட அந்தச் சத்தம் இன்றுவரை இறங்கவில்லை. திருப்பதியில் அலிபிரிக்குப் போகிற சாலையோரம் தையல் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து டீக்கடையில் அடிப்பிடித்த பால் சட்டியைக் கரண்டியால் சுரண்டும்போதெல்லாம் மிஷின் மிதிக்கிற என் கால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் மறுபடி ஓடும். அந்தச் சத்தத்தைப் போடுகிற சாமானுக்கு இங்கிலீஷில் 'பெய்லர்' என்று ஒரு பெயர் இருப்பது போன தை மாதம்தான் எனக்குத் தெரியவந்தது. படகுக்குள் சேருகிற தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றுவதற்கான ஏனம். அவ்வளவுதான் அர்த்தம், அவ்வளவுதான் அதற்கு வேலையும். இவ்வளவு சின்ன அர்த்தம் உள்ள ஒரு சாமான் எங்கள் வீட்டில் இவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டதே என்று நினைத்தால் கோபம்கூட வருவதில்லை இப்போது, அலுப்புத்தான் வருகிறது.

நாகலாபுரத்திலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பெரிய ஏரியின் இந்தக் கரையில் எங்கள் ஊர், அந்தக் கரையில் இன்னோர் ஊர். நடுவில் ஒரு தரைப்பாலம். தெலுங்குக்காரர்கள் சொல்லிச் சொல்லி நாங்களும் அதைச் 'சப்டா' என்றுதான் சொல்வோம். வெயில் காலத்தில் அதன்மேல் வண்டி போகும், ஆடு போகும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போவோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை கட்டிக்கொண்டு ஏரி ஏறினால் சப்டா தண்ணீருக்கு அடியில் போய்விடும். அப்புறம் சத்தியவேடு சுற்றிக்கொண்டு அரைநாள் பஸ்ஸில் போக வேண்டும், இல்லாவிட்டால் சுப்பையாவின் படகு.

சுப்பையா மீன் பிடிக்கிறவர், வீட்டில் தெலுங்கு, எங்களோடு பேசும்போது பாதி தெலுங்கும் பாதி தமிழும். அவருடைய படகு கட்டின நாளிலிருந்தே ஒழுகுகிற படகு. தார் பூசுவார், பஞ்சு அடைப்பார், இரண்டு நாள் அடங்கும், மூன்றாம் நாள் பலகை இடுக்கில் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் எட்டிப் பார்க்கும். கேட்டால் வருத்தமே படமாட்டார். "மனுசனுக்கு மூச்சு மாதிரி படவக்கு தண்ணி, உள்ள வர்ணும், வெளிய போவ்ணும்" என்பார். வெளியே போவதற்கு அவர் வைத்திருந்தது ஒரு இஞ்சின் ஆயில் தகர டப்பா. அதைச் சாய்வாக வெட்டி, வெட்டிய வாயைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கியிருந்தார். தட்டையாக இருந்தால்தான் பலகையோடு ஒட்டி இழுத்து, அடியில் தேங்கிய கடைசித் தண்ணீர் வரை வழிக்க முடியும். நான் சொன்ன 'க்ரக்' அதுதான்.

அந்தப் படகில் எழுதாத ஒரு சட்டம் இருந்தது. கடைசிப் பலகையில் யார் உட்காருகிறார்களோ அவர்கள் கையில்தான் டப்பா. தலையாரி உட்கார்ந்தாலும் சரி, வாத்தியார் உட்கார்ந்தாலும் சரி, கழியை ஊன்றிக்கொண்டே சுப்பையா கண்ணால் டப்பாவைக் காட்டுவார், அவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொள்ள ஆரம்பித்துவிடுவார்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் எங்களுக்குக் கடைசிப் பலகைக்காகச் சண்டையே நடக்கும்.

எனக்கு ஆறாம் வகுப்பு நடந்த வருஷம் வசந்தா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அக்கரை ஊர். அதற்கு முன்னால் இரண்டு இடம் பேசி, ஒன்று தாம்பூலம் மாற்றுவதற்கு முந்தின நாள் கலைந்தது, ஒன்று மாற்றிய பிறகே கலைந்தது. அக்கா கிணற்றடிக்குப் போனால் பேச்சு நிற்கும், திரும்பி வந்தால் மறுபடி தொடங்கும். நைனா அந்த ஒரு வருஷத்தில் தலை நரைத்தார் என்று அம்மா சொல்வாள். அதனால் கார்த்திகையில் முகூர்த்தம் வைத்து, மழை பிடித்துக்கொண்டு, சப்டா முழுகிப்போனபோது, தேதியைத் தள்ளலாமே என்று சொன்னவர்களை நைனா ஏறிட்டும் பார்க்கவில்லை. "தள்ளனா தட்டிப் பூடும்" என்றார், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில் நடக்கும்; முந்தின நாள் சாயங்காலம் பெண்ணை அழைத்துக்கொண்டு சீரோடு போவார்கள். சீரில் அண்டா, குண்டா, தவலை எது குறைந்தாலும் மன்னிப்பு உண்டு, சொம்பு குறையக் கூடாது. புதுப் பித்தளைச் சொம்பை வாங்கி, மணப்பெண் பெயரை வெட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் துடைத்து, பச்சரிசியும் மஞ்சள் கிழங்கும் போட்டு அவள் மடியிலேயே வைத்துவிடுவார்கள். தாலி ஏறின பிறகு மாமியார் வீட்டுக் கிணற்றில் அவள் அந்தச் சொம்பால் மொண்டு வருகிறதுதான் அதற்கு 'மொதல் தண்ணி'. அந்தத் தண்ணீரில்தான் அந்த வீட்டில் அன்றைக்கு உலை. மொதல் தண்ணி எப்படியோ அப்படித்தான் அந்தப் பெண் அந்த வீட்டில் விளங்குவாள் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அக்காவின் சொம்பைப் புத்தூரில் வாங்கினோம். கடைக்காரர் பெயரைத் தெலுங்கு எழுத்தில் வெட்டிவிட்டார். நைனாவுக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், படிக்க வராது. நான்தான் எழுத்துக்கூட்டிப் படித்து, அக்கா பெயர்தான் என்று உறுதி சொன்னேன்.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. முதல் நடையில் அம்மாவும் பெண்டுகளும், கூடவே பெரியப்பா மகன் சேகர் அண்ணனும் போய்விட்டார்கள். இரண்டாம் நடையில் நைனா, பெரிய அத்தை, அக்கா, நான். சீர்ப் பாத்திரங்களை எல்லாம் அண்டாவுக்குள் திணித்து, சாக்குப் போட்டுச் சுற்றி, கயிற்றால் இறுக்கி முன்பக்கம் ஏற்றியிருந்தார்கள். எதிர்க்காற்றில் பூ கலைந்துவிடும் என்று பெரிய அத்தை அக்காவைக் கடைசிப் பலகையில், காற்றுக்கு மறைவாக உட்கார வைத்தாள். அத்தை எங்கள் நைனாவுக்கு மூத்தவள், வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அவள் வாயிலிருந்துதான் முதல் சொல் வர வேண்டும். புதுப்புடவை, தலை நிறையப் பூ, மடியில் சொம்பு. அக்கா தலை நிமிரவில்லை. மூன்றாவது இடமாவது நிலைக்க வேண்டும் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள் என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது.

சப்டாவுக்கு நேர் மேலே வந்திருப்போம். என் கால் விரல்களுக்கு நடுவில் சில்லென்று ஏறியது. சுப்பையா வழக்கம்போலக் கண்ணால் கடைசிப் பலகையைக் காட்டினார், காட்டிய கண் அப்படியே நின்றுவிட்டது. "டப்பா எக்கட?" என்றார். பலகைக்கு அடியில் பார்த்தோம், சாக்குக்குப் பின்னால் பார்த்தோம், டப்பா இல்லை. எப்போதும் இருக்கிற சாமானை யாரும் இருக்கிறதா என்று பார்த்து ஏறுவதில்லையே. வெறும் படகாகத் திரும்பி வந்தபோது சுப்பையாவுக்கும் அது தேவைப்பட்டிருக்காது. அன்றைக்குப் பாரம் வேறு அதிகம். பித்தளையின் கனத்தில் படகே தாழ்ந்து, எந்நாளும் நனையாத மேல் இடுக்குகளிலும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

நைனா துண்டை நனைத்து வெளியே பிழிந்தார். நான் இரண்டு கையாலும் அள்ளினேன். அத்தை தன் செருப்பால் இறைத்தாள். வெளியே போகிறதைவிட உள்ளே வருகிறதுதான் அதிகம். சாக்குக் கட்டை அவிழ்க்கலாம் என்று நைனா முன்பக்கம் நகர்ந்தார், படகு ஒரு பக்கம் சாய்ந்தது, சுப்பையா அதட்டினார், நைனா அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஈரத்தில் ஊறிய முடிச்சு எப்படியும் அவிழ்ந்திருக்காது. ஒரு வீட்டுக்குத் தேவையான அத்தனை ஏனமும் கண்ணெதிரே ஏறியிருக்கிற படகு, மொள்ள ஓர் ஏனம் இல்லாமல் முழுகிக்கொண்டிருந்தது. எங்கள் எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்துக்குத்தான் போனது, போன வேகத்தில் திரும்பியது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டியதும் நைனா மறுபடி ஒரு முறை அக்காவின் மடியைப் பார்த்தார். அத்தை அதைக் கவனித்துவிட்டாள்.

"அத மட்டும் தொட்டுடாதிங்கடா. நாலு பேரு கால் கழுவுன தண்ணி இது" என்றாள்.

அக்கா முந்தானையை விரித்தாள். சொம்பைக் கவிழ்த்து அரிசியையும் மஞ்சளையும் முந்தானையில் கொட்டி, இடுப்பில் முடிந்துகொண்டாள். நைனா வேண்டாம்மா என்கிற மாதிரி கையைத் தூக்கினார்.

"கடைசிப் பலகையில நான்தானே நைனா குந்திக்கினு இருக்கேன்" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு மொண்டாள். சொம்புக்கு வாய் உருண்டை, கழுத்து குறுகல். தட்டை வாய் டப்பா வழித்தெடுப்பதுபோல அது வழிக்காது. ஒவ்வொரு தடவையும் சாய்த்து, 'களக் களக்'கென்று குடிக்கவிட்டு, தூக்கிக் கவிழ்க்க வேண்டும். வளையல் இரண்டு உடைந்தது. அத்தை செருப்பால் இறைப்பதை விடவில்லை. கணுக்கால் தண்ணீர் குறையவும் இல்லை, ஏறவும் இல்லை, அப்படியே எங்களோடு அக்கரை வரை வந்தது.

கரை தெரிகிற தூரம் வந்ததும் அத்தைக்கு மறுபடி பேச்சு வந்தது. சொம்பை வாங்கித் தன் உள்பாவாடையில் துடைத்தாள், அரிசியைத் திரும்பப் போட்டாள், மஞ்சளை மேலாக வைத்தாள். யாரும் மூச்சு விடக் கூடாது, தண்ணீர் தெறித்துப் புடவை நனைந்தது, அவ்வளவுதான் என்று எங்கள் மூன்று பேருக்கும் சொல்லிக்கொடுத்தாள். சுப்பையாவுக்குச் சொல்லிக்கொடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. கரையில் மேளக்காரர்கள், ஆலத்தித் தட்டோடு மாப்பிள்ளையின் அம்மா, அவர்களுக்குச் சற்றுத் தள்ளி ஈச்சம் புதர் ஓரம் எங்கள் சேகர் அண்ணன். அவன் கையில் டப்பா. முதல் நடையில் வந்து இறங்கியவன் அவசரத்துக்கு ஒதுங்கப் போனபோது கால் கழுவத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், திருப்பிப் போடுவதற்குள் படகு போய்விட்டது. எங்களைப் பார்த்து டப்பாவை ஆட்டிக்கொண்டு நின்றான், பாவம், காட்டினால் சந்தோஷப்படுவோம் என்று.

அக்கா இறங்கினாள். மேளம் எழுந்தது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சுப்பையா வாயைத் திறக்கிற வரைக்கும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை; புகழ்ந்துதான் சொன்னார், அதுவும் மேளத்துக்கு மேலே கேட்கும்படி.

"மீ கோடலே லேகபோதே படவ முனிகிபோயேதி. சொம்புலயே மொண்டு ஊத்திச்சி, தங்கம்."

உங்கள் மருமகள் இல்லாவிட்டால் படகு முழுகியே போயிருக்கும் என்று அவர் சொன்னது அந்தக் கரையில் தெலுங்குக்கும் புரிந்தது, தமிழுக்கும் புரிந்தது. அக்காவின் மாமியார் அக்காவின் கால் பக்கம் பார்த்தாள், நனைந்த புடவையைப் பார்த்தாள், பிறகு சொம்பைப் பார்த்தாள். நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாவது இடமும் இந்தக் கரையிலேயே கலைந்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

கலையவில்லை. அந்த அம்மாள் நல்லவள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. "ஈரத்தோட நிக்காதம்மா, மொதல்ல பொடவய மாத்து, ஜுரம் வரும்" என்று அக்காவின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் அக்காவின் கையிலிருந்த சொம்பை மெல்ல வாங்கி, அரிசியைத் தன் முந்தானையில் கொட்டிக்கொண்டு, வாசல் கல்தூணுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது இங்கியே இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் தாலி ஏறியது. மொதல் தண்ணியை அந்த வீட்டுப் பழைய சொம்பில் மொண்டு வந்தார்கள். நைனா அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வந்து, கலையலைன்னு சந்தோசப்படு என்று அம்மாவிடம் சொன்னார், சொன்னவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை.

அந்தச் சொம்பு அதற்குப் பிறகு வீட்டுக்குள் போகவே இல்லை. வெளியே போய் வருகிறவர்கள் கால் கழுவ, மாட்டுத் தொட்டிக்கு ஊற்ற, சாணம் கரைக்க என்று வாசலிலேயே இருந்தது. நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் கால் கழுவக் கையில் எடுத்தால் பெயர்தான் கண்ணில் படும், நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொடுத்த அதே பெயர். அந்த வீட்டில் அக்கா பெயர் எழுதின சாமான் அது ஒன்றுதான், அது வெளியே இருந்தது. யாரும் அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் கிணறு வற்றினால் 'மொதல் தண்ணி' பேச்சு வரும், கன்று செத்தால் வரும், அக்கா வீட்டுக்காரர் மாமாவுக்கு விளைச்சல் பொய்த்தால் வரும். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைப் 'படவக்காரி' என்றே கூப்பிட்டார்கள், சிரித்துக்கொண்டுதான் கூப்பிட்டார்கள். மாமா ஒரு பொங்கலுக்கு அந்தச் சொம்பைப் புளி போட்டுத் துலக்கி அடுப்பங்கரையில் வைத்தார். சாயங்காலம் அது வாசலில் இருந்தது. அவர் கேட்கவில்லை, அவர் அம்மாவும் சொல்லவில்லை.

உனக்குக் கஷ்டமா இல்லையா என்று ஒரு முறை அக்காவைக் கேட்டேன். "சொல்லிக்கினே இருந்தாங்க, கேட்டுக்கினே இருந்தேன். அப்பறம் காது அலுத்துப் போச்சு" என்றாள். சொல்லிக்கொண்டே கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சொம்பால்தான்.

மாமியார் போய்ச் சேர்ந்து காரியம் எல்லாம் முடிந்த பிறகு, இனிமேலாவது அதை உள்ளே வை என்று நான் சொன்னேன். அக்கா அதைக் கழுவி, வாசற்படி வரை எடுத்துக்கொண்டு வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தூணுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கால் கழுவ ஏனம் வேண்டுமில்லையா என்றாள். மாமாவும் போன பிறகு, ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கிற மகனோடு சத்தியவேட்டுக்குக் குடி போனாள். வீட்டைக் காலி செய்கிற அன்றைக்கு மகன் பழைய பித்தளையை எல்லாம் மொத்தமாக எடைக்குப் போட்டுவிட்டான். எது என்ன என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

போன காணும் பொங்கலுக்கு அக்காவின் பேரப்பிள்ளைகள் அடம் பிடித்து எங்களை அந்த ஏரிக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். சப்டா இருந்த இடத்தில் உயரமாகப் பாலம், அதன்மேல் நிற்காமல் போகிற கார்கள். பாலத்தடியில் 'போட்டிங்' என்று பலகை. ஆரஞ்சு நிற லைப் ஜாக்கெட் ஒன்றை மாட்டிவிட்டார்கள், யார் யார் வேர்வையோ நாறியது. வெள்ளை பைபர் படகு, குழந்தைகள் முன்னால் ஓடினார்கள், அக்கா யாரும் சொல்லாமலே கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்தாள். அவள் காலடியில் சிவப்பு நிறத்தில் பிளாஸ்டிக் சாமான் ஒன்று, கைப்பிடி வைத்து, சாய்வாக வெட்டினது போல, வாய் தட்டையாக. எனக்குப் பார்த்தவுடனே காதில் 'க்ரக்' கேட்டுவிட்டது.

"இது இன்னா தம்பி?" என்று அக்கா படகு ஓட்டுகிற பையனைக் கேட்டாள்.

"பெய்லர் ஆன்ட்டி. உள்ள தண்ணி வந்தா மொண்டு ஊத்த."

"வருமா?"

"இதுலயா? வரவே வராது. ரூலு, இருக்கணும்னு வெச்சிக்கினு இருக்கோம்."

"வேற எதுக்குனா யாராவது எடுத்துக்கினு போய்ட்டா?"

"எப்பிடி எடுப்பாங்க ஆன்ட்டி? கட்டி இல்ல கெடக்குது" என்று சிரித்துவிட்டு அவன் மோட்டாரைத் தட்டினான்.

அக்கா குனிந்தாள். கைப்பிடியிலிருந்து ஒரு நைலான் கயிறு போய்ப் படகின் ஓரத்து வளையத்தில் முடிந்திருந்தது. மொள்ளலாம், ஊற்றலாம், கரைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது, அவ்வளவு நீளம்தான் விட்டிருந்தார்கள். அவள் அதை விரலால் அளந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். படகு ஏரி நடுவுக்குப் போய்த் திரும்பியது, பிள்ளைகள் கத்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். ஈச்சம் புதர் இருந்த பக்கம் சிமெண்டுப் படி கட்டியிருந்தது. சுப்பையா இல்லை, அவர் படகு எந்த அடுப்பில் எரிந்ததோ தெரியாது. நைனா இல்லை, அத்தை இல்லை. டப்பாவை ஆட்டிக்கொண்டு நின்ற சேகர் அண்ணனும் இல்லை; கடைசி வரைக்கும் அவனுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்று அக்காதான் தடுத்துவிட்டிருந்தாள்.

"ஒரு மொழம் இருக்குமா இது?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

இருக்கும் என்றேன்.

"ஒரு மொழம் கயிறு" என்றாள். படகு கரையில் முட்டி நின்றதும் பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள், நானும் இறங்கிக் கையை நீட்டினேன். அவள் அந்தச் சிவப்புச் சாமானைப் பழையபடி கவிழ்த்து வைத்தாள். பிறகு வளையத்தில் இருந்த முடிச்சை இழுத்துப் பார்த்தாள், இறுக்கமாகத்தான் இருந்தது, இருந்தும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் என் கையைப் பிடித்தாள்.